ஓணான் ஏறிவந்த தோணி

நோர்வூட் தேயிலைத் தோட்டத்து ஜெயந்தினிக்கு அன்றைக்கு ஒரே நாள் வாய்ப்பு. நுவரெலியாவில் புதிதாகத் திறந்திருந்த உயிரினக் காட்சிக்கூடத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக் காட்ட வேண்டும். பொறுப்பாளர் அலோசியஸுக்குப் பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை. விலங்கியல் படித்துவிட்டு உள்பாவாடை விற்பதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அலோசியஸ் கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். சிங்களமும் ஆங்கிலமும் வாய் நிறையப் பேசுவார். தமிழென்றால் மட்டும் வாய் வலிக்கும். கொழும்புக்காரர் என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

"விலங்குகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். வேறு கதை வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்று. கூடவே எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர். ஃபீஜித் தீவின் பச்சை ஓணான் படத்துக்கு முன்னால் அவர்களை நிறுத்தி ஜெயந்தினி ஆரம்பித்தாள். ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுக்கு முன்னால் அமெரிக்கக் கரையில் வெள்ளம் வந்திருக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரங்கள் கடலுக்குப் போயின. அவற்றில் ஒட்டிக்கொண்ட ஓணான்கள் மாதக்கணக்காக மிதந்து, அப்போதுதான் கடலுக்கு மேலே தலைகாட்டிய தீவில் கரை ஒதுங்கின.

"இப்படி வர்றதுக்குப் பேரு..." என்றாள். புத்தகத்துச் சொல் மறந்துபோய்விட்டது. முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்து லய வீட்டு வரிசையில் அம்மா மீனம்மாவிடம் பேசிப் பார்த்தபோது, 'மிதவைப் பரவல்' என்றதும் அம்மா கொட்டாவி விட்டாள். புரியவைக்க ஜெயந்தினி வேறு சொல் சொல்ல, அடுத்த காம்பரா அறைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். பாழாய்ப்போன வாய்க்கு இப்போது வந்ததும் அதுதான்.

"பேரு கள்ளத்தோணி."

மலையகத்துச் சனம் தாத்தா காலத்திலிருந்து பஸ்ஸிலும் அரசாங்கக் கந்தோரிலும் வாங்கிக்கட்டிக்கொண்ட ஏச்சு அது. இந்தியாவிலிருந்து திருட்டுப் படகில் வந்தவர்கள் என்று அர்த்தம். தூரத்தில் நின்ற அலோசியஸின் முகம் மாறியதை ஜெயந்தினி பார்த்தாள். வேலை போயிற்று என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு பயமும் போய்விட்டது.

பெரியவர் உதட்டைச் சுழித்தார். "அப்படின்னா எத்தனை காலம் இருந்தா அந்த ஓணான் தீவுக்குச் சொந்தமாகும்?"

"வந்து எறங்குன ஓணான் வெளியூருதான், ஐயா. ஆனா அது அங்க மண்ணத் தோண்டி முட்ட வச்சுச்சு. மொத முட்ட பொரிஞ்ச அன்னைக்கே குஞ்சு அந்தத் தீவு ஓணான். அப்புறம் அந்த மண்ணு அதுக்கு ஏத்த நெறத்தக் குடுத்துச்சு. இன்னைக்கு இந்த ஓணான் உலகத்துல வேற எங்கயும் கெடையாது. தோணி கள்ளத்தோணியா இருக்கலாம். ஓணான் கள்ள ஓணான் இல்ல."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஜெயந்தினிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. துணிக்கடையோ எதுவோ, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

குடும்பம் நகர்ந்ததும் அலோசியஸ் அவளிடம் வந்தார்.

"அடுத்து வர்றது சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவர் வாயில் தோட்டத்துப் பேச்சைக் கேட்டு அவள் திகைத்துப்போனாள்.

"சிங்களம் பேசிருவேன், சார். ஆனா மரத்துல மெதந்து வர்றதுக்குச் சிங்களத்துல என்ன சொல்றதுன்னு தெரியாதே."

"இப்ப சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. அவங்க பாசையிலயும் அதே சொல்லுதான்" என்றார் அலோசியஸ். "எங்கப்பா பொகவந்தலாவ தோட்டத்து லயத்துல பொறந்தவரு. அவர ரெண்டு பாசையிலயும் அப்படித்தான் கூப்புட்டாங்க. நல்லா சத்தமா சொல்லுங்க."