நெத்திலி காயவைக்கப் போன திட்டு

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. நானும் என் வீட்டுக்காரரும் நெத்திலிக் கூடையோடு தோணியில் கிளம்பினோம். கழிமுகத்து மணல்திட்டில்தான் எங்கள் குப்பத்தார் மீன் காயவைப்பார்கள். அங்கே நாய்த் தொல்லை கிடையாது.

தூரத்தில் திட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

“இம்மா மழைக்கும் கரையாம பெருசாத்தான் கீது,” என்றார் அவர்.

“பேச்சக் கொறச்சி, தோணியத் தள்ளு. வெயிலு போயிடும்,” என்றேன்.

கிட்டே போனதும் திட்டு அசைந்தது. அப்படியே எழும்பி, பெரும் இரைச்சலோடு வானத்தில் ஏறியது. அத்தனையும் வருஷா வருஷம் வடக்கேயிருந்து வருகிற ஆலா என்னும் வெள்ளைக் கடற்பறவைகள். எங்கள்மேல் நிழல் விழுந்தது. அவை நின்றிருந்த இடத்தில் மணலே இல்லை, கணுக்கால் தண்ணீர்தான்.

“வச்சலா, திட்டு எங்கமே?” என்றார்.

வானத்தைக் காட்டினேன்.