டேஷ்போர்டில் கிடந்த கல்யாணம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, அலுவலகத்தில் திருடினேன். ஒஹையோவில், கல்யாணம் நடத்திவைப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் விற்கும் கர்ட்டின் பக்கத்து மேசை என்னுடையது. (சிரிக்காதீர்கள். மெழுகுவத்தித் தீ மணப்பெண்ணின் முக்காட்டில் பற்றினால் வழக்கு வரும். பாலிசி இல்லாதவரை இங்கே பல மண்டபங்கள் உள்ளே விடுவதில்லை. கடவுள் மட்டும் சான்றிதழ் காட்டாமல் வரலாம்.)

2

முதல் தொடக்கம்: 'அக்டோபர் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த மாலையில், வெர்னா தன் தனிமையை...'

வேண்டாம். இலைகள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இரண்டாவது: வெர்னா பிட்மன் இணையத்தில் நான்கே நிமிடத்தில் பாதிரியார் ஆனவள். சடங்கு முடிந்ததும் திருமண உரிமத்தில் கையெழுத்திட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவள் வேலை. ஷெல்பியின் உரிமத்தை மட்டும் காரின் டேஷ்போர்டில் வைத்து எட்டு மாதம் மறந்துவிட்டாள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஷெல்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. கணவனின் கம்பெனி மருத்துவக் காப்பீடும் அவளை மனைவியாக ஏற்கவில்லை. வியாழனன்று அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை.

இப்போது அனுப்பினால் பதிவாக மூன்று வாரம் ஆகும். அதுவரை, தவறு தன்னுடையது என்று வெர்னா கடிதம் கொடுத்தால் போதும் என்கிறது கணவனின் கம்பெனி.

3

செவ்வாய்க்கிழமை வெர்னா அலுவலகத்துக்கு வந்தாள். கர்ட் நிதானமாகச் சொன்னார்: "பாவம்னு சொல்லுங்க. வருத்தமா இருக்குன்னு சொல்லுங்க. 'என் தப்பு'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா, ஷரத்துப்படி உங்க பாலிசி காலி."

"ஷெல்பி எதிர்ல நின்னா அழுதுடுவேனே, கர்ட்."

"அழலாம். அழுகைக்கு ஷரத்து எதுவும் இல்ல."

(வெர்னாவை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். நல்லவளாக எழுத ஆசை. ஆனால் அவள் முதலில் கேட்டது வரும் சனிக்கிழமைக் கல்யாணங்களைப் பற்றி.)

4

முடிவு அ: வெர்னா கையெழுத்திடுகிறாள். எந்த மண்டபமும் அவளை அழைப்பதில்லை.

முடிவு ஆ: கையெழுத்திடவில்லை. ஷெல்பி வலியோடு...

இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.

5

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். தவறை ஒப்புக்கொள்ளும் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். வெர்னா பேனாவைத் திறந்தபோது அவள் போன் அடித்தது. ஷெல்பி. வெர்னாவின் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டாள்.

"வெர்னா, என் கல்யாணத்துல அன்பப் பத்தி இருபது நிமிஷம் பேசுனீங்க. ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமா?"

கர்ட் உதட்டில் விரல் வைத்தார்.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். முடிவை எழுதினால் யாராவது என்மேல் வழக்குப் போடலாம். எனக்குப் பாலிசி இல்லை. உங்களுக்கும் இல்லைதான். ஆனாலும் பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். ஷெல்பி இன்னும் லைனில் இருக்கிறாள்.