அழாத பிள்ளை

கணவனின் அக்கா வந்து இறங்கிய அன்றோடு வீட்டில் அழுகுரல் நின்றது. அதுவரை பிள்ளை கத்திய கத்தலுக்கு மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டாத நாளில்லை. இப்போது படியில் பார்த்தால், "என்ன, பிள்ளைய வித்துட்டீங்களா, சத்தமே காணோம்?" என்று சிரித்தார்.

அண்ணி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அடுப்பு வேலை. நீ தூங்கு, உடம்பு தேறட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போவாள். பிரசவத்தில் போட்ட வயிற்றுத் தையல் இன்னும் ஆறாத இவளுக்கு அது பெரிய உபகாரம். தூங்கினாள்.

பால்தான் குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் பால் கட்டிக்கொண்டு வலித்த மார்பு இப்போது தொளதொளவென்று கிடந்தது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பிள்ளையோ மடியில் போட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு உறங்கிவிடும். அதற்கு எப்படி வயிறு நிறைகிறது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு விழித்திருக்கவுமில்லை. பார்க்க வந்தவர்கள் அண்ணியின் கைராசியைப் புகழ்ந்துவிட்டு, இவளிடம் பால் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள்.

ஒரு முற்பகல் குளிக்கப் போனவள் துண்டை மறந்து திரும்பினாள். கூடத்தில் அண்ணி புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடி மடக் மடக்கென்று குடித்தது. இவளிடம் அது அப்படிக் குடித்ததேயில்லை.

அண்ணி பதறவில்லை. "பசிச்சு அழற வரைக்கும் விடக் கூடாதும்மா. எங்க காப்பகத்துல அதுக்கு முன்னாடியே வாயில வச்சிடுவோம்."

"எனக்குப் பால் வத்திப் போச்சு அண்ணி."

"நீ தூங்கட்டுமேன்னுதான்."

பால் பவுடர் டப்பாவை வாங்கி வந்தது யார் என்று கேட்டாள். அண்ணி புட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அதையே கேட்டுவிட்டாள். அக்கா லீவு போட்டு வந்து மாடாய் உழைக்கிறாள், அவள் மனம் நோகப் பேசிவிடாதே என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"வாங்கும்போதே சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். பசிக்கட்டும் என்று காத்திருந்தாள். பசித்தது. அழுதது. அந்தச் சத்தத்துக்கு மார்பு குறுகுறுத்தது. பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. இருக்கிறது, இன்னும் இருக்கிறது. அவசரமாக அணைத்து வாயில் வைத்தாள். பிள்ளை நாக்கால் தள்ளியது. மறுபடி வைத்தாள். முதுகை வில்லாய் வளைத்துக் கதறியது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அதன் கன்னமெல்லாம் பால். வாய்க்குள் ஒரு சொட்டு போகவில்லை. கடைசியில் பிள்ளைக்குத் தொண்டை கம்மி, வாயைத் திறந்தால் சத்தம் வராமலாயிற்று.

வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை. அண்ணி அங்கேதான் நிற்கிறாள் என்பது கதவடியில் விழுந்த நிழலில் தெரிந்தது.

தாழை நீக்கிக் கையை மட்டும் நீட்டினாள். புட்டி தயாராக இருந்தது.

"சூடு பாத்துட்டேன். நல்லா சாச்சுப் பிடி, இல்லேன்னா வயித்துக்குள்ள காத்து போயிடும்" என்றாள் அண்ணி, காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளிடம் சொல்வதுபோல.