தண்ணி ஆறணும்

அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீசில் டீ போடுகிறவன் சோலையப்பன். ஜப்பான் இன்ஜினியர் மொரிதா தன் ஊர் மலையில் விளைந்த பச்சைத் தேயிலையைக் கொடுத்த முதல் நாள், அதைப் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்துத் தொலைத்தான். மனுஷன் முகம் சுளிக்காமல் குடித்தார். யாரிடமும் புகார் சொல்லவில்லை. மறுநாள் பேன்ட்ரிக்கே வந்து, வெந்நீரைக் கோப்பை மாற்றி மாற்றி ஊற்றி ஆறவைத்த பிறகே இலையில் விட வேண்டும், இல்லாவிட்டால் கசந்துவிடும் என்று செய்து காட்டினார்.

இன்று மொரிதாவைப் பார்க்க டோக்கியோவிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். சோலையப்பன் இரண்டு டம்ளரை எடுத்து, கையை உயர்த்தி, வெறும் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"டீக்கடையா நடத்துறே? கொதிக்கக் கொதிக்க ஊத்து, யல்லா, சீக்கிரம்!" மேனேஜர் சுதாகர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சோலையப்பன் இலை போட்டிருந்த பாத்திரத்தை உள்ளங்கையால் மூடினான்.

"ஊத்துறதுன்னா என் கை மேல ஊத்துங்க சார்."

மேனேஜர் பல்லைக் கடித்தார். "நாளைக்கே உன்னை ஊருக்கு அனுப்புறேனா இல்லையா பார்."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு இந்தத் தண்ணி ஆறணும். தள்ளி நில்லுங்க."