நேர்காணலில் சொன்னது

கல்லூரி வாசலில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூவம்மா, மகள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இன்னா கேட்டாங்கோ?" என்றாள். செங்கொடி கையிலிருந்த ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, "ஊரப் பத்தி கேட்டாங்க. சொன்னேன்" என்றாள்.

"நல்லா சொன்னியா?"

"ம்."

நன்றாகத்தான் சொன்னாள். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கிண்டிவரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. பெட்டியில் இடம் காலியாகவே இருந்தும் அவள் உட்காரவில்லை. ஒரு கதவருகில் நின்றாள், பிறகு எதிர்க் கதவுக்குப் போனாள், கம்பியைப் பிடித்தாள், விட்டாள். அம்மா பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டியபோது கவனிக்காதவள்போல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்துக்குள் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே அவள் போனில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தாள். இதழியல் படிக்க எங்கெல்லாம் இடம் உண்டோ அந்தப் பெயர்களையெல்லாம் எழுதிவைத்தாள். டெல்லி இருந்தது, பெங்களூரு இருந்தது. டிரெய்லர் ஓட்டும் அப்பா செங்குட்டுவன், ஆந்திராவில் ஏதோ ஒரு துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தியபடி, போனிலேயே வெளியூர்களை அடித்துவிட்டார். "மெட்ராஸ்லயே பாரு கண்ணு. நா வூட்ல இருக்கறதே இல்ல. நீயும் பூட்டா ஒங்கம்மா இன்னா பண்ணுவா." சில கல்லூரிகளில் பெயர்தான் இதழியல், உள்ளே போய்க் கேட்டால் கேமராவும் எடிட்டிங்கும் விளம்பரமும். அவற்றை அவளே நீக்கினாள். சில, கட்டணத்தைச் சொன்ன மாத்திரத்தில் தாமாகவே விலகிக்கொண்டன. ஒன்றை அண்ணன் திருமுருகன் அடித்தான். அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்துப் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவன், "இதுல சிரிச்சிகினு கீறவங்க அல்லாரும் ஒரே மாறி கீறாங்க. ஒருத்தன்கூட நம்ம மாறி இல்ல, வுட்ரு" என்றான். கடைசியில் இரண்டு மிஞ்சின. கிண்டிக்கு அப்பால் பெயர் பெற்ற ஒரு கல்லூரி. ராயபுரத்துப் பக்கம், அண்மையில்தான் இதழியல் தொடங்கிய ஒரு பழைய கல்லூரி.

அவள் எழுதத் தொடங்கியதற்குக் காரணமே திருமுருகன்தான். திருவொற்றியூர் டீமில் அவன் கோல்கீப்பர். மைதானத்திலிருந்து வந்ததும் எந்தப் பந்தை எப்படித் தடுத்தேன் என்று சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. கேட்டுக் கேட்டு, பிறகு தானே போய்ப் பார்த்து, இன்ஸ்டாகிராமில் மேட்ச் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தாள். மார்க்கெட்டில் பையன்கள் வழிமறித்து, "எங்க மேட்ச்ச எப்ப போடுவ?" என்று கேட்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. விளையாட்டு நிருபர் ஆக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

போன மழைக்காலத்தில், விடியற்காலைப் பயிற்சிக்குப் போகும் வழியில், ஒரு ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கசிந்து உள்ளே ஆட்கள் கத்துவது திருமுருகனுக்குக் கேட்டது. ஜெர்சியைக் கழற்றி மூஞ்சியில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டான். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவனும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், ஆனால் அதற்குப் பிறகு அவனால் ஓட முடியவில்லை. பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாகச் செய்தி வந்தது, அவன் பெயர் இல்லாமல். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை. அந்த விடியற்காலையைப் பற்றி அவன் பேசுவதில்லை. வீட்டில் வேறு யாரும் பேசுவதுமில்லை.

கிண்டிக் கல்லூரியின் நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த பேராசிரியை கோப்பைத் திறந்து, ஒன்றிரண்டு மேட்ச் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு மூடினார். "நல்லா எழுதறீங்க செங்கொடி. ஆனா நீங்க இருக்கற ஏரியால இருந்து வர்ற ஒரு பொண்ணுக்கு, ஃபுட்பாலவிட முக்கியமா சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கும் இல்லையா? காத்து, தண்ணி, ஃபேக்டரி. உங்க வீட்டையே தொட்டதா ஏதாவது?" கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அந்த முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.  செங்கொடி அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது தானாக வந்தது. ஓரத்திலிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர்கள் தன் பக்கம் சாய்ந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் இன்னும் நன்றாகச் சொன்னாள். மாடிப்படி ஏறி வந்ததும் அவன் எப்படி மூச்சு வாங்குவான் என்று செய்தே காட்டினாள்.

அன்று மாலை திருமுருகன் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "இன்னா கேட்டாங்கோ?"

"ஃபுட்பால் பத்திதான்."

"எண்ணூர் டீமோட ஆடுன செமி ஃபைனல் சொன்னியா? கடைசில நா ஒண்ணு தட்டிவுட்டேனே."

"சொன்னேன். நல்லா கீதுன்னாங்க."

அவன் முகம் மலர்ந்தது. அடுப்படியிலிருந்து பூவம்மா எட்டிப் பார்த்தாள். பெஞ்சருகே மகள் சொன்னது வேறு என்பது அவளுக்கு நினைவிருந்திருக்கும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பின் செங்கொடிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள், உடனே திரும்ப எடுப்பாள். மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணிகளை எடுத்து வந்தாள். கடற்கரைப் பாறைகள்வரை நடந்துவிட்டு, வந்த காரியம் என்னவென்று தெரியாமல் திரும்பினாள். சீட் கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கிடைக்காமல் போனால் எவ்வளவு நிம்மதி என்றும் தோன்றியது.

ராயபுரம் கல்லூரியில் ஒரே ஒருவர்தான் நேர்காணல் செய்தார். ஹபீபுல்லா என்று பெயர். மின்விசிறி போடும் இரைச்சலுக்கிடையில் அவளுடைய ரிப்போர்ட் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். "ரெண்டாவது கோல் ஆஃப்சைடுன்னு எழுதியிருக்கே. நீ எங்க நின்னுட்டிருந்தே?"

"கோல் போஸ்ட் பின்னாடி சார்."

"அங்கேர்ந்து எப்படித் தெரியும்? லைன்ஸ்மேனைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர் அந்த இடம்வரை படித்திருக்கிறார் என்பது சந்தோஷமாக இருந்தது. கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "உள்ளதைச் சொல்லிடறேம்மா. போன வருஷம் ஆள் சேரல, கோர்ஸ் நடக்கல. இந்த வருஷமும் சேர்ந்தாத்தான். இல்லேன்னா உன்னை வேற டிபார்ட்மென்ட்ல போட்டுருவாங்க. தெரிஞ்சுக்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் சர்டிஃபிகேட் குடுத்துரணும்."

இதை வீட்டுக்கு வந்து அண்ணனிடம் உள்ளது உள்ளபடி சொன்னாள். திருமுருகன் சிரித்தான். "யாசின்தான அன்னிக்கு லைன்ஸ்மேனு. டோல்கேட்லதான் கீறான், போய்க் கேளு. அவனும் கண்ண மூடிகினுதான் கொடிய தூக்குவான்."

வெள்ளிக்கிழமை காலை அவள் தெருவில் தண்ணீர் லாரிக்கு நின்றிருந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிக்கு வந்தபோது, கரண்டு இல்லாததால் கடையடைத்துவிட்டு வந்திருந்த திருமுருகன் கூடத்தில் நின்றான். அவன் கையில் அவளுடைய போன் இருந்தது.

"ஒங்க காலேஜு மேடம் பேசனாங்கோ. கிண்டி காலேஜு. சீட்டு கெடச்சிடுச்சாம். பீஸும் கட்ட வேணாமாம், யாரோ குடுக்கறாங்களாம்."

பூவம்மா ஈரக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திருமுருகன் போனைத் தங்கையிடம் நீட்டினான். "என்னிய வெச்சி சின்னதா ஒரு வீடியோ எடுக்கணுமாம். வூட்டுக்கு வராங்களாம். ரொம்ப நல்லவங்களா கீறாங்க. என்கூட பேசறதே பெருமையா கீதுன்னாங்க."

செங்கொடி குடத்தை இறக்காமல் நின்றாள்.

"நா மூச்சு வுடறத செஞ்சி காமிச்சியாமே."

குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது.

"எப்டி காமிச்ச? சும்மாதான் கேக்கறேன். எனக்கு வெளில இருந்து பாத்தா எப்டி கீதுன்னு தெரியாது பாரு."

"அண்ணே, நா அந்தக் காலேஜுக்குப் போவல."

"ஏன், போ. வந்தாங்கன்னா பேசறேன். நீ இன்னா பொய்யா சொல்லிட்ட?"

"ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

"அது வேற." அவன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துப் பேசினான். "நீ போனாலும் என்னாலதான் போற. போவாட்டியும் என்னாலதான் போவல. ரெண்டுக்கும் என்னியே இழுக்காத. என்னிய கொஞ்சம் வுடு."

சட்டையை மாட்டிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்குவது மேலே கேட்டது. பூவம்மா மகளின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

செங்கொடி மொட்டை மாடிக்குப் போய்ப் பேராசிரியைக்குப் போன் செய்தாள். என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவர் குரலைக் கேட்டதும் கலைந்துவிட்டது. "மேடம், எனக்கு சீட் வேணும். ஆனா எங்க அண்ணன வீடியோ எடுக்க வேணாம். அன்னிக்கு அவரக் கேக்காமதான் சொன்னேன்."  "கட்டாயம்லாம் இல்லம்மா" என்றார் பேராசிரியை. "ஆனா ஃபீஸ் குடுக்கறவங்க உங்க கதையைக் கேட்டுத்தான் சரின்னாங்க. நான் அவங்ககிட்ட பேசிட்டு இன்னிக்கே கூப்பிடறேன்." குரலில் கோபம் இல்லை. முன்னைப்போல் கனிவும் இல்லை.

மதியம் கழிந்தது. போன் வரவில்லை. ஒரிஜினலை ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. கொடுக்காமல் இருந்தால் மாலையோடு ராயபுரமும் போய்விடும். அவள் சர்டிஃபிகேட்டுகளைப் பையில் வைத்தாள், வெளியே எடுத்தாள். "இப்டி நடந்துகினே இருந்தா காலு தேயறதுதான் மிச்சம்" என்றாள் பூவம்மா. "எங்கனா ஒரு எடத்துக்குக் கெளம்பு." செங்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

தெருமுனையில் திருமுருகன் கடைக்காரரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தான் என்று தெரியவில்லை.

"ராயபுரமா, கிண்டியா?"

"ராயபுரம்."

"ஏறு. பஸ்ஸு நவுறாது. ஹார்பர் கேட்டு வரிக்கும் டிரெய்லரு நிக்கிது."

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கியிருந்தார்கள். ஒருவர் சக்கரத்து நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் கண்ணைக் கரித்தன. வண்டிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் திருமுருகன் ஸ்கூட்டரை நுழைத்தான். கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சந்தும் அடைபட்டது. இரண்டு பக்கமும் இரும்புச் சுவர்போல் கண்டெய்னர்கள், முன்னால் ஒரு டிரெய்லரின் முதுகு. அவனுக்கு இருமல் வந்தது. செங்கொடி கையை அவன் முதுகில் வைத்தாள். நேர்காணல் அறையில் அவள் செய்து காட்டியதுபோல் இல்லை அவன் மூச்சு. சத்தம் குறைவாக இருந்தது. உள்ளே வெகு தூரம் போய்த் தேடி எடுத்து வருவதுபோல், ஒவ்வொரு தடவையும் மெதுவாக வந்தது. அவன் தோளைக் குலுக்கி அவள் கையைத் தள்ளிவிடவில்லை.

அவள் மடிக்கும் அவன் முதுகுக்கும் இடையில் நசுங்கியிருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. அதிர்வு இரண்டு பேருக்கும் தெரிந்தது; கிண்டி மேடமாகத்தான் இருக்கும். திருமுருகன் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கொடி பையின் ஜிப்பைப் பாதிவரை திறந்து, கையை உள்ளே விட்டாள். அப்போது முன்னாலிருந்த டிரெய்லர் புஸ்ஸென்று காற்றை விட்டது. அதன் சக்கரங்கள் மெல்ல உருண்டன. கண்டெய்னருக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவே, ஒரு ஸ்கூட்டர் போகும் அளவுக்கு, வெயில் விழுந்த தார் தெரிந்தது. அவன் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான்.