பதினொரு பட்டன்களும் ஓர் அம்புக்குறியும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருடைய தங்கையோடு சேர்ந்து கம்பெனி நடத்திப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் சிக்கனம். பேச்சிலும் சிக்கனம், பட்டனிலும் சிக்கனம். நாங்கள் இருவரும் செய்கிற சாஃப்ட்வேர் ஓர் இடத்தில் வேலை எப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது என்று படமாகக் காட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், அடுத்ததற்குப் போக ஓர் அம்புக்குறி. அவளுக்கு இது போதும். எனக்குப் போதாது. வேலை எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது, மாற்றினால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு பதினொரு வசதிகள் எழுதியிருந்தேன். பதினொன்றுக்கும் பதினொரு பட்டன்.

"அண்ணி, இது சாஃப்ட்வேரா, விமானமா? பார்த்தாலே ஓடிடுவாங்க" என்றாள்.

கடைசியில் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதல் வாடிக்கையாளரான மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் அரை மணி நேரம் அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. என் பதினொன்றில் ஒன்றையாவது அவர்களாகவே பயன்படுத்தினால் எல்லாம் இருக்கும். இல்லையென்றால் மத்தியானமே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் இந்த மகராசி என் பட்டன்களை எல்லாம் அள்ளி மூலையில் 'மேலும்' என்ற ஒரே பட்டனுக்குள் திணித்துவிட்டாள். வழி நெடுக அவளோடு நான் பேசவில்லை.

பட்டறைக்கு மணிக்கு மூன்று ஆர்டர்தான் வரும். அவர்கள் கவலையும் ஒன்றுதான். மறுநாள் தருவதாகச் சொன்ன கண்ணாடி மூன்றாம் நாள்தான் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு மேசையிலும் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஆர்டர் சீட்டை ஸ்கேன் செய்வார்கள். அந்த நேரங்களை முந்தின நாளே ஏற்றி வைத்திருந்தோம்.

சூப்பர்வைசர் அம்மா சுவரில் இருந்த பெரிய தொடுதிரையில் மடமடவென்று கட்டங்களை வரைந்தார். ஆர்டர், லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமில் மாட்டுவது, சரிபார்ப்பது. ஐந்தே நிமிடம். சிக்கனம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். 'மேலும்' பக்கம் யார் கண்ணும் போகவில்லை.

அப்போதுதான் சண்டை மூண்டது.

"தேய்க்கிற இடத்துலதான் நிக்குது" என்றார் ஃபிரேம் மாட்டுகிற அக்கா.

லென்ஸ் தேய்க்கிறவர் எழுந்தே நின்றுவிட்டார். "எங்கிட்டயா? நான் ஆறு நிமிஷத்துல முடிச்சிடறேன். நீங்கதான் மாட்டறேன் மாட்டறேன்னு உக்காந்திருக்கீங்க!"

"ரெண்டு வருஷமா இதே பாட்டுதான்" என்று எரிச்சலோடு சொன்ன சூப்பர்வைசர் அம்மா, அவர்கள் இருவர் கட்டத்துக்கும் நடுவே இருந்த அம்புக்குறியை விரலால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். "இங்க என்னதான் நடக்குது? இது சொல்லாதா?"

சொல்லும் அம்மா, சொல்லும்! அதைச் சொல்ல வைக்கத்தான் எட்டு மாதம் உழைத்தேன். ஆனால் நான் வைத்த இடம் வேறு. அவர் கேட்கிற இடம் வேறு. எனக்குப் பொட்டில் அறைந்தது போல் இருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே பேச்சு? கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. என் லேப்டாப்பைத் திறந்தேன். அவர்கள் சண்டையை முடிப்பதாக இல்லை, நல்ல வேளை. தேக்கத்தைக் கண்டுபிடிக்கிற வசதியையும், எண்ணை மாற்றிப் பார்க்கிற வசதியையும் பட்டன்களிலிருந்து கழற்றி அம்புக்குறியில் மாட்டினேன். சிக்கனம் என்னை முறைத்தாள். ஆனால் தடுக்கவில்லை. பெரிய திரையை அவளே எழுந்து போய்ப் புதுப்பித்தாள்.

சூப்பர்வைசர் அம்மா மறுபடி தட்டினார். அம்புக்குறி விரிந்தது.

'தேய்க்க ஆறு நிமிடம். மாட்ட எட்டு நிமிடம். நடுவில் ஒரு முழு வேலை நாள். இருபத்து நான்கு சேர்ந்த பிறகே நகர்கிறது.'

தேய்க்கிறவர் தேய்த்த லென்ஸ்களை வைக்கிற தன் ட்ரேயைப் பார்த்தார்.

"இதுல இருபத்து நாலு குழி இருக்கே. நிரம்பினாத்தானே அனுப்பணும்?"

"யார் சொன்னது?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"யாரும் சொல்லல. குழி இருக்கு, நிரப்பினேன்."

ஃபிரேம் அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தேய்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்போ நாலு நாலா அனுப்பினா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் அம்மா இருபத்து நான்கின் மேலேயே விரலை வைத்தார். அந்த எண்ணை மாற்றலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு போட்டார். முழு நாள் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே ஒரு குதி குதித்திருப்பேன். கண்தான் நிறைந்துவிட்டது.

வாசலுக்கு வந்ததும் சொன்னேன், "மிச்சம் ஒன்பது பட்டனையும் எடுத்துடு."

சிக்கனம் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பட்டனைத்தான் எடுக்கச் சொன்னேன். வேலையை இல்ல. அவங்க விரல் எங்க போகுதோ அங்க கொண்டு வைப்போம். எங்க போகும்னு கண்டுபிடிக்க நீதான் கெட்டிக்காரி."

"நான் கட்டத்தோட நிறுத்தியிருந்தா, அவங்க இன்னும் ரெண்டு வருஷம் சண்டை போட்டிருப்பாங்க அண்ணி" என்றாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

உள்ளே மறுபடியும் பெரும் சத்தம். சண்டை முற்றிவிட்டதோ என்று இருவரும் ஓடிப்போய்க் கதவு வழியாக எட்டிப் பார்த்தோம். மூன்று பேரும் திரையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்து என் அம்பைத் தட்டுங்க!"

"இரு, முதல்ல சரிபார்க்கிறதைத் தட்டு!"

எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.