சீட்டைப் பிடித்த கை

"அந்தக் கை மட்டும் தெரியக் கூடாதுடா," என்றாள் அக்கா.

வேறொருத்தியோடு போய்விட்ட புருஷனின் கை. மகள் சைக்கிள் பழகியபோது அக்காதான் பின்னாலேயே ஓடிப் போனில் வீடியோ எடுத்தாள். சீட்டைப் பிடித்தபடி அந்தக் கை ஓரமாகக் கூடவே வருகிறது, முகம் இல்லை. குழந்தை அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறாள், பிறகு வாசலைப் பார்க்கிறாள். கை போனால் காத்திருப்பும் போய்விடும் என்று பாவம், அக்கா நம்பினாள்.

தம்பிக்கு இதுதான் பிழைப்பு. சினிமாக் காட்சிகளில் தெரியக் கூடாத கயிறு, கம்பம் என்று எதையெதையோ கணினியில் அழித்தவன், சொந்த அத்தானை அழிப்பது இதுவே முதல் தடவை. கையை மறைக்கச் சீட்டின் துண்டு ஒன்றை வரைந்து மேலே ஒட்டினான். கணினி பின்தொடர வேண்டிய புள்ளியைப் பின்விளக்கில் மட்டும் வைத்தபோது துண்டு கூடவே நகர்ந்தது. சைக்கிள் சாய்ந்தால் மட்டும் சாயாமல் அசடு வழிந்தது. சாய்வதைப் பிடிக்க ஒரு புள்ளி போதாது. சீட்டுக் கம்பியில் இன்னொன்று வைத்ததும், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டின் சாய்வைக் கணினி அளந்து கொடுத்தது. துண்டு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

"பழசையும் அழிச்சிடு. என் கண் முன்னாடியே."

அழித்தான். அவள் போனிலிருந்தும் அழித்தான்.

சாயங்காலம் குழந்தை புதியதைப் பார்த்தாள். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"இங்க அப்பா!" என்றாள். வலப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. "இங்கேயும்!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருமே இல்லையேடி?"

"நிமித்துறாரு பாரும்மா. எனக்கு அப்போ நிமித்தத் தெரியாதே."

அந்தச் சாய்வை நாளெல்லாம் அளந்தவன் தம்பி. யார் நிமிர்த்தியது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"மாமா, கை ஏன் தெரியல? திருப்பி வச்சிடு மாமா."

அக்கா அவனை அடுத்த அறைக்கு இழுத்துப் போனாள். "உன்கிட்ட பழசு எங்கேயாவது இருக்கும்ல?"

நீதானே அழிக்கச் சொன்னே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். "இல்லக்கா."

"தேடித்தான் பாரேன்."

இல்லை என்று தெரிந்துகொண்டே கணினியைத் திறந்தான். அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.